பதினோராவது டேக்

சார், ஒரு நிமிஷம். நீங்க பதினேழாம் பெட்டு பெரியவருக்குத் துணைக்கு இருக்கிறவர்தானே? காலுக்குக் கட்டுப்போட்டு தூக்கிக் கட்டியிருக்காங்களே, அவரு? ஆங், நெனச்சேன். நாலு நாளா பாக்குறேன், டீக்கு இந்தப் பக்கம்தான் வர்றீங்க. உக்காருங்க சார். உங்ககிட்ட பாஸ் இருக்கு, எப்ப வேணா உள்ள போலாம். எனக்கு நாலு மணிக்கு கேட்டைத் திறந்தாத்தான். திறந்தாலும் பிரயோஜனம் இல்ல, அது வேற விஷயம்.

என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். போன்ல பாத்திருப்பீங்க. "பச்சக் குழந்தைங்க முன்னாடி டிவி மாமாவை அடிச்சு நொறுக்கிய கொடூரன்"னு எழுதி, கீழ அழுவுற பொம்மையெல்லாம் போட்டு, ஊரு முழுக்க சுத்திச்சு. அந்தக் கொடூரன் நான்தான். பேரு தனகோட்டி. காங்கிரீட் மேஸ்திரி. சொந்த ஊரு சங்கராபுரம் பக்கம். டீயைக் குடிங்க, ஆறிடும்.

பதினாறாம் பெட்டுல தாடைக்குக் கம்பி போட்டு, ஒரு கண்ணு வீங்கி மூடிக் கெடக்குறானே கன்னியப்பன், அவன் என் மாப்ள. என் தங்கச்சி அஞ்சலை புருஷன். நான் இடுப்புல தூக்கி வளத்த தங்கச்சி சார் அவ. இன்னியோட பன்னெண்டு நாளாச்சு, என்னை உள்ள விடமாட்டேங்குறா. நாலு மணி ஆனா வார்டு வாசல்ல வந்து கையைக் குறுக்க நீட்டி நிக்குறா. பேச மாட்டா, திட்ட மாட்டா. கையை நீட்டுவா, அவ்ளோதான். மொத நாள் அந்தக் கையைத் தட்டிவிட்டுட்டுப் போகப் பாத்தேன். வாட்ச்மேனுங்க ரெண்டு பேரு சேந்து வெளிய தள்ளிட்டாங்க. ஒருத்தன் மூக்குல என் முழங்கை பட்டு ரத்தம் வந்துடுச்சு. நான் வேணும்னா இடிச்சேன்? அவன் மூக்கு அங்க இருந்துச்சு.

மாப்ளயால பேச முடியாதுல்ல, நோட்டுல எழுதிக் காட்டுறானாம். அஞ்சலைக்கு எழுத்து தெரியாது. பதினேழாம் பெட்டுக்குத் துணைக்கு இருக்கிறவர்தான் படிச்சு சொல்றாருன்னு காலைல வர்ற வாட்ச்மேன் சொன்னாரு. அதான் உங்களைப் புடிச்சேன். அவன் என்ன எழுதுறான்னு எனக்குத் தெரிஞ்சாவணும் சார். பன்னெண்டு நாளா சோறு எறங்கல. ஆனா இப்ப சொல்லாதீங்க. மொதல்ல நடந்ததை நான் சொல்லிடுறேன். இல்லன்னா நீங்களும் அந்த வீடியோவை நம்பிடுவீங்க.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு டிவியில ஒரு குழந்தைங்க ப்ரோக்ராம் வரும். "எப்படி எழும்புச்சு?"ன்னு பேரு. பெரிய பெரிய கட்டடம் எப்படிக் கட்டுறாங்கன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது. மஞ்ச ஹெல்மெட்டு, சிவப்பு டவுசரு போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான். உயர மாமான்னு பேரு வச்சிருக்கானுங்க. நெசமான பேரு பிரணவ். தெர்மாகோல்ல தூணு, அட்டையில கிரேனு. மண்ணை எப்படி சோதிக்கிறது, அஸ்திவாரம் எவ்ளோ ஆழம் போவும், லிஃப்ட்டு எங்க போவும், எல்லாத்தையும் பாட்டு பாடி ஆடிச் சொல்லுவான். செங்கல்லு ஒண்ணைத் தூக்கியிருப்பானா வாழ்க்கையில? கையைப் பாத்தேன் நானு. பொம்பளப் புள்ள கையி.

அஞ்சலைக்கு ஒரே பொண்ணு, தேஜு. மூணாங்கிளாசு. அவளுக்கு அவன்னா உசுரு. பொங்கலுக்கு நான் போயிருக்கும்போது என் மடியில ஏறி உக்காந்துகிட்டுக் கேக்குறா, "மாமா, கட்டடம் உயர உயர கிரேனும் உயருதே, அது எப்படின்னு தெரியுமா?" எனக்குத் தெரியாதா சார்? இருபத்தாறு வருஷமா அந்த கிரேனுக்குக் கீழதான் நிக்கிறேன். நடுவுல ஜாக்கி வச்சுத் தூக்குவான், சந்துல ஒரு துண்டைச் சொருவுவான், அப்பறம் மறுபடி... எனக்கு வேலை வரும், பேச்சு வராது. இழுத்து இழுத்து சொல்லிக்கிட்டு இருக்கேன். அவ மடியில இருந்து எறங்கிட்டா. "உயர மாமா நல்லா சொல்லுவாரு"ன்னுட்டா.

தாய்மாமன் சார் நானு. காது குத்தறப்ப என் மடியிலதான் உக்காந்தா. எவனோ டவுசரு போட்டவன் அவளுக்கு மாமாவா? ரிமோட்டை எடுத்து சுவத்துல அடிச்சேன். பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். கொழந்த அழுதுச்சு. கன்னியப்பன் குனிஞ்சு பேட்டரியைப் பொறுக்கினான். அவன் எப்பவும் அப்படித்தான். எது ஒடஞ்சாலும் பொறுக்குவான்.

அவன் என் கேங்குலதான் பதினோரு வருஷமா வேலை. ஹோஸ் புடிக்கிற ஆளு. அதாவது, கீழ பம்ப்பு மிஷின் இருக்கும், அதுலருந்து பைப்பு லைன் மேல மாடிக்கு வரும். கடைசியில ரப்பர் ஹோஸ், தொடை தண்டி இருக்கும். அதைப் புடிச்சு கலவையைப் பரவலா விடணும். பலசாலி வேலை, பொறுமைசாலி வேலை. அவனுக்கு ரெண்டும் உண்டு. ஆனா மந்தம். சொன்னா ஒடனே செய்ய மாட்டான், யோசிப்பான். சைட்டுல யோசிச்சா எப்படி? அதனால நாலு தட்டு தட்டுவேன். மாப்ளன்னு பாக்க மாட்டேன். வீட்டுல அவருக்கு எல மொதல்ல போடுவேன், வேட்டி எடுத்துக் குடுப்பேன், வாங்க போங்கதான். சைட்டுல மாப்ளயும் கெடையாது, மச்சானும் கெடையாது. ஒரு தடவை சுத்தியல் காம்பால முதுகுல போட்டேன். அஞ்சலை ராவெல்லாம் எண்ண தேச்சாளாம். மறுநாள் வந்து, "பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் மாப்ள மேல கையை வைக்கலாமாண்ணா? நாலு பேரு என்னை என்ன கேப்பாங்க?"ன்னு அழுதா. அடிச்சது மேஸ்திரி, அண்ணன் இல்லன்னேன். அவளுக்குப் புரியல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சித்திர மாசக் கடைசி. நாங்க பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு இருபத்திநாலு மாடிக்கு ஸ்லாப் போட்டுக்கிட்டு இருக்கோம். பதினெட்டாவது மாடி. இஞ்சினியர் வந்து சொல்றாரு, "தனகோட்டி, டிவிக்காரங்க வர்றாங்க. ஒரு வாரத்து ப்ரோக்ராமை நெசக் கட்டடத்துல எடுக்கணுமாம். நெச மேஸ்திரி ஒருத்தர் பேசணுமாம். நீ பேசறியா?" எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுடுச்சு சார். எந்த ப்ரோக்ராம்னு கேட்டேன். அதேதான்!

ஒடனே தங்கச்சிக்குப் போனைப் போட்டேன். தேஜுவைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறுன்னேன். டைரக்டர் ஒரு பொண்ணு, சம்யுக்தான்னு பேரு. அது கையைக் காலைப் புடிச்சு, அவங்க கூட்டிட்டு வந்த எட்டுப் பசங்களோட தேஜுவை ஒம்போதாவதா சேத்துவிட்டேன். பசங்க மேல வரக் கூடாதாம். கீழ ஆபீஸ் முன்னாடி நெழல்ல உக்கார வச்சு, பெரிய டிவி வச்சு, மேல எடுக்குறது அதுல தெரியிற மாதிரி பண்ணியிருந்தாங்க. அஞ்சலை அந்தண்ட சமையல் ஷெட்டுல பொம்பளைங்களோட இருந்தா. ஆக, என் மருமவ பாக்கப் போறா. எல்லாத்தையும் நான் சொல்லி, அவ பாக்கப் போறா. யாரு மாமான்னு தெரியட்டும்னு இருந்தேன்.

எனக்குக் குடுத்தது மூணே வரி. "குழந்தைகளே, கலவை வந்துட்டா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா பைப்புக்குள்ளயே இறுகிடும். அதனால நாங்க சாப்பாட்டுக்குக்கூட நிறுத்த மாட்டோம்." அவ்ளோதான். இன்னிக்குத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அன்னிக்கு வரல.

மணி பதினொண்ணு. வெயிலு மண்டையைப் பொளக்குது. பம்ப்பு ஓடினா ஹோஸ் திமுதிமுன்னு சத்தம் போடும், கலவையைக் குலுக்குற வைப்ரேட்டர் வேற. பேச்சு கேக்காதுன்னு சவுண்டுக்காரன் சொன்னான். வாக்கி டாக்கியில கீழ பம்ப்பு ஆப்பரேட்டர் டேவிட்டுக்குச் சொன்னேன், "ரெண்டே நிமிஷம், நிறுத்துடா"ன்னு. நிறுத்தினான். கன்னியப்பன் ஹோஸைப் புடிச்சுக்கிட்டு எனக்குப் பின்னாடி நிக்கிறான், டிவியில அழகா தெரியட்டும்னு. இந்தப் பிரணவ் என் பக்கத்துல நின்னுக்கிட்டு, "மேஸ்திரி அண்ணே, ஏன் எல்லாரும் இவ்ளோ அவசரமா வேலை செய்றீங்க?"ன்னு கேக்குறான். நான் வாயைத் திறந்தேன். "குழந்தைகளே"ன்னேன். அப்பறம் ஒண்ணுமில்ல. தொண்டையில சிமெண்ட்டு.

ரெண்டாவது தடவை "கலவை நிறுத்தினா வந்துடும்"னேன். மூணாவது தடவை தும்மல். நாலாவது தடவை எல்லா வரியும் வந்துச்சு, ஆனா நடுவுல ஒரு திக்கு. அந்தப் பொண்ணு "ஓகே, சூப்பர்"னுச்சு. என்ன சூப்பரு? தேஜு பாக்குறா, மாமன் திக்குறான்! இன்னொரு தடவை எடுங்கன்னேன். எடுத்தாங்க. இன்னொண்ணுன்னேன். இந்தப் பிரணவ் என்ன பண்ணான் தெரியுமா? என் தோள்ல கையைப் போட்டு, மெதுவா, "அண்ணே, இதுவே போதும், நல்லா இருக்கு. நீங்க வேலையைப் பாருங்க, கலவை நிக்குது"ங்குறான். யாருக்கு யாரு சொல்றது? இருபத்தாறு வருஷம் காங்கிரீட் போட்டவனுக்கு டவுசருக்காரன் கலவையைப் பத்திச் சொல்லித் தர்றான். என்னால முடியாதுன்னு முடிவே பண்ணிட்டான். அங்க புடிச்சுது சார் எனக்கு வெறி. அவன் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லலன்னா நான் ஆறாவதோட விட்டிருப்பேன். எல்லாத்துக்கும் காரணம் அவன்தான், இப்பப் புரியுதா?

டேவிட்டு கீழருந்து கூப்புடறான். "அண்ணே, பத்து நிமிஷமாச்சு. பம்ப்பைக் கொஞ்சம் முன்னாடி பின்னாடி ஓட்டிக்கவா?" அப்பறம், "அண்ணே, இருவது நிமிஷம், லைன் அடச்சுக்கும்ணே." நான் வாக்கியை ஆஃப் பண்ணிட்டேன். சத்தம் வருதில்ல? ஆப்பரேட்டர்னா சொல்ற மாதிரி சொல்லணும். மேல ஏறி வந்து சொல்லியிருக்கணும். அவன் மேலயும் தப்பு இருக்கு.

பதினோராவது டேக்கு. கணீர்னு வந்துச்சு சார்! "குழந்தைகளே, கலவை வந்துட்டா நிறுத்தக் கூடாது." ஒரு திக்கு இல்ல, ஒரு தெணறல் இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க. கீழ பசங்க கை தட்டினது பதினெட்டு மாடிக்கு மேல எனக்குக் கேட்டுச்சு. கேட்டிருக்காதுங்குறாங்க. எனக்குக் கேட்டுச்சு.

அப்பறம் அந்தப் பொண்ணு, "கடைசியா ஒரே ஷாட். ஹோஸ்லருந்து கலவை கொட்டுறது, அவர் அதைப் புடிச்சுட்டு சிரிக்கிறது"ன்னுச்சு. வாக்கியைப் போட்டு டேவிட்டுகிட்ட அடிடான்னேன். அடிச்சான். வரல. பைப்பு உதறுது. கன்னியப்பன் ஹோஸைக் கீழ போட்டுட்டு ரெண்டு அடி பின்னால போயிட்டான். "மச்சான், அடச்சிருக்கு போல. தள்ளி நிக்கிறேன்"ங்குறான்.

ரூல் தெரியும் சார் எனக்கு. அடச்ச லைனைத் திறக்கும்போது ஹோஸ் கிட்ட ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. உள்ள காத்து சேந்து கெடக்கும், திறந்துச்சுன்னா ஹோஸ் மாடு உதைக்கிற மாதிரி உதைக்கும். இதே ரூலுக்காக ஒருத்தனை அறஞ்சு அவனுக்கு ஒரு காது இன்னிவரைக்கும் கேக்காது. அவ்ளோ ஸ்ட்ரிக்ட்டு நானு. ஆனா அப்ப கேமரா ஓடுதே! கீழ அவன் பொண்ணு பாக்குறாளே! அப்பன்காரன் பயந்து பின்னாடி போறதையா காட்டுறது? அவன் மானத்துக்காகத்தான் செஞ்சேன். போய் கன்னத்துல ஒண்ணு விட்டேன். அறை இல்ல, தட்டு. "கேமரா ஓடுதுடா, புடிடா"ன்னேன். பிரணவ் "அண்ணே, வேணாம், வேணாம்"னு கத்தினான். நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்தினா எனக்கு எறங்கி வர முடியுமா? மாப்ள ஹோஸைப் புடிச்சான். சிரிக்கவும் சிரிச்சான். நான் வாக்கியில "பிரஷரை ஏத்துடா, இன்னும் ஏத்து"ன்னேன்.

டமார்னு திறந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னு கண்ணு பாக்கல சார், காது கேட்டுச்சு. தேங்கா ஒடைக்கிற சத்தம். ஹோஸ் எழும்பி அவன் தாடையில அடிச்சு, திரும்பி வந்து நெஞ்சுல அடிச்சு, அவனைத் தூக்கிப் போட்டுது. போட்ட இடத்துல தூணுக்கு விட்ட கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தோள்ல எறங்கி முன்பக்கம் வந்துடுச்சு. பல்லு ரெண்டு என் பூட்ஸு மேல வந்து விழுந்துச்சு. கல்லும் கலவையும் எல்லார் மூஞ்சியிலயும். ஹோஸ் இன்னும் அடங்காம அங்கயும் இங்கயும் அடிக்குது, கேமராக்காரன் கேமராவைப் போட்டுட்டு ஓடுறான். கலவை சாம்பல் நெறம்தானே? அந்த எடத்துல மட்டும் செவப்பு. கன்னியப்பன் கத்தல. கத்த வாய் எங்க இருக்கு? கொர்ருன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்.

கம்பியை அறுத்து அவனை எடுத்தாங்க. கம்பித் துண்டு தோள்லயே இருக்கு. இந்தப் பிரணவ் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு, சாமான் ஏத்துற லிஃப்ட்டுல கீழ போனான். நான் போவல. ஏன் போவலன்னு கேக்குறீங்க, அப்படித்தானே? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அஞ்சலைகூட போலீஸ் ஸ்டேஷன்ல அதை மட்டும்தான் கேட்டா. லைன் திறந்துடுச்சு சார்! கலவை வருது! மூணு லாரி கீழ சுத்திக்கிட்டு நிக்குது. விட்டா போட்டவரைக்கும் இறுகி, ஸ்லாப்புல வெட்டு விழுந்துடும், அந்த மாடியே வீணாப்போயிடும். ஆளுங்க பேயடிச்ச மாதிரி நிக்கிறானுங்க. நாலு பேரை முதுகுல போட்டு வேலைக்கு விரட்டினேன். ஹோஸை நானே புடிச்சேன். ஒரு பத்து நிமிஷம், கால் மணி நேரம் இருக்கும். செவப்பா இருந்த எடத்துலயும் கொட்டி மட்டம் தட்டிட்டோம். அப்பறம்தான் எறங்கினேன்.

எறங்கினா, ஆம்புலன்ஸ் இன்னும் வரல. மாப்ளயை ஆபீஸ் வாசல்ல ஒரு பலகையில போட்டு வச்சிருக்காங்க. அஞ்சலை அவன் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பக்கம் பாத்தேன். பாத்ததும் எனக்கு ஒலகமே செவந்து போச்சு சார். இந்த உயர மாமா என்ன பண்றான்? ஒம்போது பசங்களையும் கட்டடத்தைப் பாத்துத் திருப்பி உக்கார வச்சுக்கிட்டு, "எல்லாரும் மேல பாருங்க! எத்தனை மாடி எண்ணலாமா? சத்தமா! ஒண்ணு!"ங்குறான். பசங்க கத்துதுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு. தேஜுவை மடியில இறுக்கிக் கட்டிக்கிட்டு, அவ மூஞ்சியை நெஞ்சுல அழுத்தி வச்சிருக்கான். அப்பன் அந்தண்ட செத்துக்கிட்டு கெடக்குறான், இவன் இங்க ப்ரோக்ராம் நடத்துறான்! அவன் சட்டை, டவுசரு, கையி, எல்லாம் என் மாப்ள ரத்தம். அந்த ரத்தக் கையால என் மருமவளைத் தொட்டுக்கிட்டு இருக்கான்!

தேஜுவைப் புடுங்கி அந்தண்ட தள்ளினேன். அவன் ஹெல்மெட்டையே கழட்டி அவன் மூஞ்சியில அடிச்சேன். மஞ்ச ஹெல்மெட்டு சார், நல்ல கெட்டி. மொத அடிக்கே மூக்கு போச்சு. ரெண்டாவது வாயில. எதுத்து ஒரு கை தூக்கல அவன். கீழ விழுந்துகிட்டே என்ன சொல்றான் தெரியுமா? "திரும்பாதீங்க, எண்ணுங்க, எண்ணுங்க"ங்குறான். பசங்க அழுதுகிட்டே எண்ணுதுங்க. ஒம்போது, பத்து. நான் ஏறி நெஞ்சுல உக்காந்து குத்தினேன். தோள்பட்டை எலும்பு ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு. பதினாலு, பதினஞ்சு. எவனோ பின்னாலருந்து மண்வெட்டிக் காம்பால என் பொடனியில போட்டான். என் கேங்கு ஆளுதான் அவன், என் சோத்தைத் தின்னவன்! அதுக்கப்பறம் எனக்கு நெனவில்ல.

ரெண்டு நாள் ஸ்டேஷன்ல வச்சு நல்லா வெளுத்தாங்க. உள்ளங்கால் இன்னும் எரியுது. அப்பறம் பாத்தா இந்தப் பிரணவே ஸ்டேஷனுக்கு வந்து, "அவர் அதிர்ச்சியில இருந்தாரு, கேஸ் வேணாம்"னு எழுதிக் குடுத்துட்டானாம். பயந்துட்டான். வேற என்ன?

இப்ப கேளுங்க அநியாயத்தை. அந்தப் பிரணவ் தெனமும் இங்க வர்றான். கையைத் துணியில கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டு, முன்பல்லு இல்லாம. நீங்க பாத்திருப்பீங்களே? ஆமா, அவன்தான். அவனை அஞ்சலை உள்ள விடுறா! சொந்த அண்ணன் மரத்தடியில நாய் மாதிரி கெடக்குறேன், அவனுக்கு ஸ்டூலு போடுறா. தேஜு அவன் பக்கத்துல ஒக்காந்து படம் வரையிறாளாம். என்னைப் பாத்தா அம்மா முந்தானைக்குள்ள போறா. அவன் அந்த ஷூட்டிங் படத்தையெல்லாம் போன்ல வச்சிருப்பான். நான் மாப்ளயைத் தட்டினது அதுல இருக்கும். அதைக் காட்டித்தான் அஞ்சலையைத் திருப்பிட்டான். இல்லன்னா கன்னியப்பன் எழுதிக் குடுத்திருக்கணும். ரெண்டுல ஒண்ணு.

அதான் சார் உங்களைக் கேக்குறேன். நீங்க படிச்ச மனுஷன். அவன் எழுதுறதை நீங்கதானே வாய்விட்டுப் படிக்கிறீங்க? பம்ப்பு நின்னதைப் பத்தி, அந்தத் தட்டைப் பத்தி எழுதினான்னா, கொஞ்சம் மாத்திப் படிங்களேன். "மச்சான் மேல தப்பில்ல"ன்னு படிங்க. ஒரே வரி. அவளுக்கா தெரியப் போவுது? அவனாலயும் இல்லன்னு வாய் திறந்து சொல்ல முடியாது. நான் கெட்டவன் இல்ல சார். அவன் எந்திரிச்சா என் தலையில தூக்கி வச்சுக்குவேன். ரெண்டு கண்ணுல ஒண்ணை வேணும்னாலும் குடுப்பேன். ஒரு தடவை உள்ள போயி அவன் கையைப் புடிச்சுட்டு வந்துடணும், அதுக்குத்தான். எனக்கு அவங்களை விட்டா யாரு இருக்கா? நான் கல்யாணமே பண்ணிக்கல.

எழுதலயா? பம்ப்பைப் பத்தி எழுதவே இல்லயா? ஹோஸ், டேக்கு, பிரணவ், எதுவும் இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வரிகூடவா? பாத்தீங்களா! நான் சொல்லல? எம் மாப்ள தங்கம் சார். என்னைக் காட்டிக் குடுக்க மாட்டான். அவன் எப்பவும் அப்படித்தான்.

அப்ப வேற என்னதான் எழுதுறான்? தண்ணி, வலி, சரி. தேஜு ஸ்கூலுக்குப் போனாளான்னு. சரி. அப்பறம்? சொல்லுங்க சார், ஏன் முழுங்குறீங்க? தெனமும் ஒரு வரியா? எத்தனை மணிக்கு? நாலு மணி ஆவப்போறப்பவா? அதாவது நான் வர்ற நேரத்துக்கு. என்ன வரி?

இன்னொரு தடவை சொல்லுங்க.

"மச்சான் வந்திருப்பாரு. உள்ள விடாத. அடிப்பாரு."

தெனமுமா? நீங்க நாலு நாளாத்தானே இருக்கீங்க, அதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம்? நோட்டுல பாத்தீங்களா? அதேவா? எல்லாப் பக்கத்துலயுமா?

நான் அடிப்பேனா? தாடைக்குக் கம்பி போட்டு, மூக்குல குழாய் விட்டுக் கெடக்குறவனை, ஆஸ்பத்திரிக்குள்ள போயி, நான் அடிப்பேனா? யோவ், என்னய்யா சொல்ற நீ? பொய் சொல்றியா? அந்தப் பிரணவ் சொல்லச் சொன்னானா? அவன் அப்படி எழுத மாட்டான்யா! பதினோரு வருஷம் எங்கூட நின்னவன்யா அவன்! ஒரு நாள் என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல, ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. எவ்ளோ அடிச்சாலும் சிரிப்பான்யா அவன்! உண்மையைச் சொல்லு, அவன் என்ன எழுதினான்?

இல்ல சார். இல்ல, இல்ல. மன்னிச்சுக்குங்க. சட்டையை விட்டுட்டேன், பாருங்க. பட்டன் ஒண்ணு போச்சு, நான் தெச்சுத் தர்றேன். டீ கொட்டிடுச்சா? வேற வாங்குறேன். கையைக் கீழ எறக்குங்க சார், மூஞ்சியை ஏன் மறைக்கிறீங்க? நான் உங்களை ஒண்ணும் பண்ணலயே. எதுக்கு எந்திரிக்கிறீங்க? சார்?